பேசி முடிக்கட்டும் என்று ஒரு வேண்டுதல்

எங்கள் மகன் அமெரிக்கக் கடற்படையில் இருக்கிறான் என்பதை ஹூஸ்டன் பக்கத்தில் நாங்கள் இருக்கும் பேர்லேண்டில் ஒருவரிடமும் நாங்கள் சொல்லவில்லை. "ஷிப்பிங் சைடுல இருக்கான்" என்று என் கணவர் முதலில் யாரிடமோ சொல்லிவைக்க, அதுவே ஊர் முழுக்க நிலைத்துவிட்டது. டாக்டருக்குப் படிக்கப்போகிறான் என்று வீடு வீடாகப் பெருமையடித்தாயிற்று. காலேஜைப் பாதியில் விட்டுவிட்டுச் சிப்பாயாகப் போனான் என்று பிறகு எந்த முகத்தோடு சொல்வது? நம் ஆட்களுக்குப் பிள்ளை சீருடை போட்டால் பரீட்சையில் கோட்டைவிட்ட மாதிரிதான். எனக்கு இதில் கோபம் உண்டு. ஆனாலும் நானும் வாயைத் திறக்கவில்லை. ஓர் அக்கா, "மெர்ச்சன்ட் நேவியா? நல்ல சம்பளமாச்சே" என்று தன் தங்கை மகளுக்குக் கல்யாணப் பேச்செடுத்தபோதும் சிரித்து மழுப்பிவிட்டேன்.

சனிக்கிழமை மாலைகளில் இங்குள்ள தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் வீட்டுக்கு வீடு முறைவைத்து ஜெபமாலை சொல்வோம். பத்து மணிகள் கொண்ட ஐந்து சுற்று. ஒவ்வொன்றையும் யாராவது ஒருவர் ஒரு கருத்துக்காக ஒப்புக்கொடுப்பார். கிரீன் கார்டு, போர்டு எக்ஸாம், மாமியாரின் முழங்கால் ஆபரேஷன் என்று மாதா கேட்காத மனுவே கிடையாது. ஜெபம் முடிந்து பிரியாணித் தட்டு கைக்கு வந்ததும் ஆண்கள் பக்கம் பட்டிமன்றம் ஆரம்பமாகும். அந்த நாட்டை அரசாங்கம் அடிக்குமா, கூப்பிட்டுப் பேசுமா? எந்த நாடு என்பதை விட்டுவிடுகிறேன், அது அவ்வப்போது மாறிக்கொண்டுதான் இருக்கிறது. பேசுகிறவர்களில் பாதிப் பேருக்கு இங்கே ஓட்டே கிடையாது. குரல் மட்டும் செனட்டர் குரல்.

எண்ணெய்க் கம்பெனியில் பெரிய வேலையில் இருக்கும் ஓர் அண்ணன்தான் அதில் முன்னணி. "பேசிப் பேசி என்னத்தக் கண்டோம்? டிப்ளமசி எல்லாம் டைம் வேஸ்ட். நல்லா நாலு போட்டா தன்னால டேபிளுக்கு வருவான்" என்பார். என் கணவரும் பிரியாணியைக் கிளறிக்கொண்டே, "ஆமாண்ணா, எல்லாத்துக்கும் ஒரு லிமிட் இருக்குல்ல" என்பார்.

காரில் திரும்பும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "நாலு போடப்போறது யாரு, உங்க அண்ணனா?"

"வேற என்ன சொல்லச் சொல்ற? உங்களுக்கு ஏன் இவ்ளோ அக்கறைன்னு கேட்டா?" என்பார்.

பிறகு மகனிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. கப்பல் அந்தப் பக்கம் கிளம்புகிறது, கொஞ்ச நாள் பேச முடியாது, கவலைப்படாதே. நான் ஹூஸ்டனில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்த வாரம் நோயாளிகளின் மானிட்டரைப் பார்த்த நேரம் போக, அவர்கள் அறையில் ஓடும் டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சுவார்த்தைக்குக் கதவு திறந்தே இருக்கிறது என்று காலையில் ஒருவர் சொல்வார். ராணுவம் தயார் என்று சாயங்காலம் இன்னொருவர் சொல்வார். இரண்டு பேருமே நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு இருந்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை எங்கள் வீட்டு முறை. நான்காவது பத்து மணியை அந்த அண்ணன் ஒப்புக்கொடுத்தார். "நம்ம பிரசிடென்ட்டுக்காக வேண்டிக்குவோம். தயங்காம ஆக்‌ஷன் எடுக்குற தைரியத்த ஆண்டவர் அவருக்குக் கொடுக்கணும்."

எல்லோரும் 'அருள் நிறைந்த மரியே' என்று ஆரம்பித்துவிட்டார்கள். என்னால் முடியவில்லை.

"நிறுத்துங்கண்ணா. அதுக்கு என் வீட்ல ஜெபம் வேணாம். என் பையன் அங்கதான் இருக்கான். ஷிப்பிங் கம்பெனி இல்ல, நேவி."

என் கணவர் தலை குனிந்தபடியே இருந்தார். பிறகு, "பேசி முடிக்கட்டும்னு வேண்டிக்கலாம்ணா. ப்ளீஸ்" என்றார். அத்தனை வருடங்களில் அவர் அந்த அண்ணனை மறுத்துப் பேசி நான் கேட்டதே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணன் "தம்பிக்காக" என்று மட்டும் சொல்லி, முதலிலிருந்து ஆரம்பித்தார். அன்று பட்டிமன்றம் இல்லை. தங்கை மகளுக்குக் கேட்ட அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏன்டி மறைச்ச?" என்று திட்டினார். அந்தத் திட்டு இதமாக இருந்தது.

அடுத்த வாரம் இரண்டு அரசாங்கமும் பேசச் சம்மதித்ததாகச் செய்தி வந்தது. கப்பல் மட்டும் திரும்பவில்லை, அங்கேயே காத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பார்க்கிங்கில் நிற்கும்போது மகன் கூப்பிட்டான். வேண்டுதலைப் பற்றிப் பூரிப்போடு சொன்னேன். "எல்லாரும் உனக்காகத்தான்டா ஜெபிச்சாங்க. இனிமே சண்டை வராது பாரு."

அவனுக்குத் தமிழ் எல்லாம் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில்தான் வரும். "மாம், வீ ட்ரெய்ன்ட் ஃபார் திஸ். கைஸ் ஹியர் ஜஸ்ட் வான்ட் டு கோ" என்றான். இதற்காகத்தான் பயிற்சி எடுத்தார்களாம். கூட இருப்பவர்களுக்கெல்லாம் சண்டைக்குப் போனால் போதுமாம்.

"நீயுமாப்பா?" என்று கேட்டேன்.

"சாப்டியாம்மா?" என்றான், தமிழில்.