அம்மாவுக்கு ஒரு புள்ளடி

அம்மா நகரசபைத் தேர்தலில் நின்றபோது எனக்கு ஒன்பது வயது. டென்மார்க்கில், வைலே நகரிலிருந்து அரைமணி நேரத் தூரத்தில் இருந்த எங்கள் சிறிய ஊரில் அதற்கு முன் எந்தத் தமிழரும் தேர்தலில் நின்றதில்லை. கம்பங்களில் படம் தொங்கவிடும் அளவுக்கு அம்மா பெரிய வேட்பாளர் இல்லை. கட்சிப் பட்டியலில் பதினோராவது பெயர். ஆனால் அந்தப் பட்டியல் வந்த உள்ளூர்ப் பத்திரிகையை நான் ஒரு மாதம் பள்ளிக்கூடப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அம்மா முதியோர் இல்லத்தில் வேலை செய்தார். எங்கள் குடியிருப்பிலிருந்து ஞாயிறு காலையில் ஓடிய பேருந்தை நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்த பெண்களில் பாதிப்பேர் அம்மாவைப் போல இல்லங்களிலும் ஆஸ்பத்திரியிலும் வேலை செய்தவர்கள். ஞாயிறுகளில் இருட்டோடு எழும்பிப் பனியில் முக்கால் மணி நேரம் நடந்தார்கள். அந்தப் பேருந்தைத் திரும்பக் கொண்டுவரத்தான் அம்மா நின்றார்.

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. இலங்கையில், எங்கள் சொந்த ஊரில் போர் நடந்துகொண்டிருந்த காலம். அவர் வானொலிச் செய்தியோடு எழும்பி வானொலிச் செய்தியோடு படுப்பவர்.

“அங்க செல் விழுந்துகொண்டிருக்கு. நீர் இங்க பஸ்ஸுக்கு எலெக்சன் கேக்கிறீர்,” என்றார்.

“அங்க எங்களை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. இங்க கேக்கினம். மறுமொழி சொல்லாமல் இருக்கிறதோ?” என்றார் அம்மா.

அடுத்த சனிக்கிழமை துண்டுப்பிரசுரக் கட்டைத் தூக்கிக்கொண்டு நான்கு மாடிப் படிகளிலும் ஏறி இறங்கியவர் அப்பாதான்.

குடியுரிமை இல்லாதவர்களும் இங்கே சில ஆண்டுகள் வாழ்ந்திருந்தால் நகரசபைக்கு வாக்களிக்கலாம். ஆனால் எங்கள் முதியவர்கள் பலருக்கு டேனிஷ் வாசிக்கத் தெரியாது. வாக்குச்சீட்டோ மேசைவிரிப்பு அளவு. அதில் அம்மாவின் பெயரைக் கண்டுபிடித்துப் பக்கத்தில் பெருக்கல் குறிபோல ஒரு புள்ளடி போடவேண்டும். ஆகவே அவர்களுக்கு ஒரு மாதிரித் தாள் தேவைப்பட்டது. கையெழுத்து அழகு என்ற காரணத்தால் அந்த வேலை என்னிடம் வந்தது.

அவ்வளவு பெருமையோடு நான் வேறெதையும் செய்ததில்லை. தமிழ் வகுப்புக் கொப்பியில் செய்வதுபோல முதலில் தாளின் உச்சியில் பிள்ளையார் சுழி போட்டேன். அளவுகோல் வைத்துக் கோடு இழுத்தேன். பெயர்களை எழுதி, அம்மாவின் பெயருக்கு நேரே சிவப்பில் ஒரு புள்ளடி போட்டேன். அம்மா வேலையால் வந்து பார்த்தார். அப்பாவும் பார்த்தார். சுழி இருவர் கண்ணிலும் படவில்லை. எங்கள் வீட்டில் சுழி இல்லாத தாள்தான் கண்ணில் படும். நூலகத்தில் நாற்பது பிரதி எடுத்தோம்.

வாக்களிப்பு எங்கள் பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தில் நடந்தது. வாசலில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் கேக் விற்றார்கள். கீழ்வீட்டு அப்பு கோட்டும் கழுத்துப்பட்டியுமாக வந்தார். வாக்களித்துவிட்டு வந்தவர் கையில் ஒரு துண்டு கேக் இருந்தது.

“ஊரில வாக்குப் போடப் போறதெண்டால் பயம். இங்க கேக் விக்கினம்,” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். “பிள்ளை, உன்ரை தாளில இருந்த மாதிரியே, ஒண்டும் விடாமல் போட்டிருக்கிறன். கொம்மா வெண்ட மாதிரித்தான்.”

அன்று என் கால் தரையில் படவில்லை.

அம்மா ஐந்து வாக்கால் தோற்றார்.

அதற்கடுத்த நாள், வாக்கு எண்ணும் இடத்தில் நின்ற கட்சிக்காரர் ஒருவர் பூங்கொத்தோடு வீட்டுக்கு வந்தார். அவர் டேனிஷ்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர். நான் விளையாடிவிட்டு உள்ளே வந்தபோது குசினி மேசையில் மூவரும் ஒரு தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் அவர் கையால் ஒரு பிள்ளையார் சுழி வரையப்பட்டிருந்தது. கோணலாக, வால் இல்லாமல். ஒரு டேனிஷ்காரர் சுழி போடப் பழகுகிறார் என்று எனக்கு ஒரே சந்தோஷம், புளுகம். அவருடைய பேனையை வாங்கிப் பக்கத்தில் சரியான சுழியைப் போட்டுக் காட்டினேன்.

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா லேசாகத் தலையை அசைத்து, வேண்டாம் என்று காட்டினார். அவர் எனக்கு நன்றி சொன்னார்.

“ஓம், இப்பதான் வடிவா வந்திருக்கு,” என்று அம்மா என் தலையைத் தடவினார்.

பதினெட்டு வயதில் நான் முதன்முதலாக வாக்களிக்கப் போனேன். மறைப்புக்குள் பென்சிலைப் பிடித்தபோது கை தானாகச் சீட்டின் உச்சிக்குப் போனது. எதிரே ஒட்டியிருந்த அறிவித்தல் கண்ணில் பட்டது: புள்ளடியைத் தவிர வேறு எந்த அடையாளம் இருந்தாலும் சீட்டு செல்லாது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். அன்று அம்மாவின் பெயருக்கு நேரே சரியாகப் புள்ளடி போட்டிருந்த ஏழு சீட்டுகள் கழிக்கப்பட்டிருந்தன. ஏழின் உச்சியிலும் ஒரே சுழி.

“சின்னப்பிள்ளைக்கு என்னத்தைச் சொல்லுறது?” என்றார் அம்மா. அவ்வளவுதான்.

இப்போது என் மகள் பாலைச் சிந்தினாலே என் வாய் முந்திக்கொள்கிறது. பிறகு, சொன்னது கூடிப்போயிற்றோ, சொல்லாமல் விட்டிருந்தால் பிள்ளை எப்படிப் பழகும் என்று நாள் முழுக்க மனதுக்குள் வழக்கு நடத்துகிறேன். அம்மாவிடம் கேட்டால் சிரிக்கிறார். அவர் வீட்டுக்கு நாங்கள் ஞாயிறு காலைப் பேருந்தில்தான் போகிறோம். நான்கு ஆண்டுகள் கழித்து மறுபடியும் நின்று, வென்று, அம்மா திரும்பக் கொண்டுவந்த பேருந்து அது.

அந்த இரண்டாவது தேர்தலுக்கும் மாதிரித் தாளை அம்மா என்னிடம்தான் தந்தார். வேறு யாரிடமும் கொடுக்க அவர் நினைக்கவே இல்லை. நான் தாளை விரித்துப் பேனையை எடுத்தபோது மட்டும் பின்னால் வந்து நின்றார்.

“இந்தமுறை மேல ஒண்டும் எழுதாதையம்மா. இடம் காணாது.”

பதின்மூன்று வயது எனக்கு. முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு எழுதி முடித்தேன். பிறகு அளவுகோலை வைத்துப் பார்த்தேன். தாளின் உச்சியில் நான்கு விரல் அகலத்துக்கு இடம் வெறுமையாகக் கிடந்தது. அம்மாவுக்கு அளவு தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.