அப்பாவின் மேல்பல்

பல் டாக்டரிடம் எப்போது போக வேண்டும் என்பதில் எங்கள் வீட்டில் இரண்டு பேர் ஒரே மாதிரி சொல்லி நான் கேட்டதில்லை. வலித்தால் போக வேண்டும் என்பது அம்மாவின் கட்சி. வலிக்கு மாத்திரை இருக்கிறது, வீங்கினால்தான் போக வேண்டும் என்பார் அப்பா. போகவே கூடாது என்பவர் சித்தப்பா. மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நான், யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் பக்கம் இருந்தேன்.

அப்பா கந்தர்வக்கோட்டையிலிருந்து சுற்றுக் கிராமங்களுக்குப் போய்வரும் மினி பஸ்ஸின் டிரைவர். அந்த வருஷம் முந்திரி பூக்கிற சமயத்தில் அவருக்கு மேல்வரிசைக் கடைவாய்ப்பல் ஒன்று கூச ஆரம்பித்தது. பானைத் தண்ணீரை விட்டுவிட்டு வெந்நீர் குடித்தார். பிறகு அதுவும் ஒத்துக்கொள்ளாமல் ஆறவைத்துக் குடித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கறித்துண்டுகளை என் தட்டில் தள்ளிவிட்டுக் குழம்பை மட்டும் பிசைந்து சாப்பிட்டபோது அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

“புதன்கெழமை லீவு போட்டுட்டு புதுக்கோட்டைக்குப் போயிக் காட்டிட்டு வாங்க. இல்லாட்டி இந்த வீட்ல இனிமே கறியே கெடையாது.”

அப்பா சரி என்று தலையாட்டினார். பக்கத்து வீட்டிலிருந்து வந்திருந்த சித்தப்பாவுக்கு அது ஆகவில்லை.

“அண்ணே, பல்லு போனா சொல்லு மட்டுந்தான் போகும்னு நெனச்சீங்களா? மேல்பல்லுல கைய வச்சா கண்ணும் போயிரும். ரெண்டுக்கும் ஒரே நரம்பு. ஒங்க பொழப்பே கண்ணுலதான் ஓடுது.”

“யாருக்குத் தம்பி அப்பிடிப் போச்சு?” என்று அம்மா கேட்டாள். கட்டுமாவடியில் ஒருவருக்குப் போயிருந்ததாம். பெயர் தெரியாது, ஆனால் அவர் இப்போது கடலுக்குப் போவதில்லையாம். சித்தப்பா உதாரணம் காட்டும் ஆட்கள் எப்போதும் ஐம்பது மைலுக்கு அப்பால்தான் இருப்பார்கள்.

அப்பா அப்போதும் லீவை ரத்து செய்யவில்லை. கலங்கிப்போனது நான்தான். என் மேல்வரிசை முன்பல் ஒன்று அந்த வாரம்தான் ஆட ஆரம்பித்திருந்தது. அதை நாக்கால் தாங்கிப் பிடித்துக்கொண்டே இரண்டு நாள் பேசினேன், சாப்பிட்டேன், வாய்ப்பாடு ஒப்பித்தேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்தில் கடலைமிட்டாயைக் கடித்தேன், பல் அதிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. விழுந்த பல்லைச் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிவது எங்கள் ஊர் வழக்கம். எறிந்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று பென்சில் டப்பாவில் போட்டு மூடினேன்.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் என் கண்ணை நானே சோதித்துப் பார்த்தேன். வளைவில் ஒரு பஸ் திரும்பியது. “கறம்பக்குடி வண்டி” என்று என்னைவிட இரண்டு வயது மூத்த அண்ணன் சர்வசாதாரணமாகப் படித்தான். எனக்கு அங்கே மஞ்சளாக ஏதோ வந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். அதற்குமுன் நான் எந்தப் பஸ்ஸையும் அப்படி உற்றுப் பார்த்ததில்லை. கண் போய்விட்டது என்று அந்த இடத்திலேயே அழுதேன்.

அப்பா என்னை ஆத்தா என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு வாசலில் நிறுத்தி, “ஆத்தா, அந்த மெடிக்கல் போர்டுல என்ன எழுதிருக்கு?” என்று மெதுவாகக் கேட்டார். தெரியவில்லை. வீட்டுக்குள் காலண்டர் தேதியும் தெரியவில்லை. பென்சில் டப்பாவைத் திறந்து பல்லைக் காட்டினேன்.

“நான் சொன்னேன்ல?” என்றார் சித்தப்பா. “பால்பல்லு விழாத புள்ள ஒலகத்துல இருக்கா?” என்று அம்மா கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. அப்பா புதன்கிழமை லீவை ரத்து செய்துவிட்டு வண்டி ஓட்டப் போனார்.

சனிக்கிழமை அவருடைய இடது கன்னம் வீங்கி, கண்ணையே மூடிவிட்டது. ஸ்டீயரிங்கைத் தொட முடியாது என்று ஆனபிறகு அம்மா அப்பாவையும் என்னையும் புதுக்கோட்டைக்கு இழுத்துப் போனாள். கன்னத்தில் துண்டை அழுத்திக்கொண்டு அப்பா, “மொதல்ல புள்ள கண்ணப் பாப்போம்” என்று ஒரே பிடியாக நின்றார். எனக்குக் கிட்டப்பார்வை, இரண்டு வருஷமாகவே இருந்திருக்கும், கண்ணாடி போட்டால் போதும் என்றார் கண் டாக்டர். பல்லுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அவர் சொன்னதை அப்பா இரண்டாம் முறையும் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

பல் டாக்டர் ஒரு பெண். “கூசறப்பவே வந்திருந்தா அடைச்சு விட்ருப்பேன். வலிக்கிற வரைக்கும் பல்லு காத்திருக்காதுங்க” என்றார். மேல்பல்லை எடுத்தால் கண்ணுக்கு ஒன்றும் ஆகாது என்று அவரும் சொல்லி, வீக்கம் வடிய மாத்திரை கொடுத்து, ஐந்து நாள் கழித்துப் பல்லை எடுக்க வரச் சொன்னார். அதற்குள் அப்பாவின் கண் திறந்துகொண்டது. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு அவர் தூரத்துப் பனைமரங்களை எண்ணுவதைப் பார்த்தேன்.

என் கண்ணாடியும் பல் எடுக்கிற அன்றைக்குத்தான் தயார் என்பதால் நானும் கூடப் போனேன். பல்லை எடுத்துவிட்டுக் கண்ணாடிக் கடைக்குப் போவதாக ஏற்பாடு. நானும் அம்மாவும் கதவோரப் பெஞ்சில் உட்கார்ந்தோம். அப்பா உடனே நாற்காலியில் சாயவில்லை. நின்றபடி எங்கள் இருவரையும் திரும்பிப் பார்த்தார். டாக்டர் “உக்காருங்க” என்று இரண்டு தடவை சொன்ன பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தார். அம்மா ஏனோ முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

இரண்டு டாக்டர்கள் சொல்லியும் அவருக்குள் அந்தப் பயம் போகவில்லை, எங்களைக் கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொள்கிறார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? அவர் முகமே அங்கிருந்து எனக்குக் கலங்கலாகத்தான் இருந்தது. சிரிக்கிறார் என்று நினைத்து, முன்பல் இல்லாத வாயைத் திறந்து நானும் நன்றாகச் சிரித்தேன்.