பெல்ட் ஃபேனா, கரண்ட் ஃபேனா

பண்ருட்டி ரயில்வே கேட்டில் எங்கள் காரைத் திருப்பியது, ஃபேனைக் கழற்றி மாற்றுவதற்காகத்தான் என்று நான் நம்பினேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. அந்த வயதில் எத்தனையோ பிள்ளைகள் கெட்டிக்காரர்களாக இருக்கிறார்கள். நான் அந்தக் கூட்டத்தில் சேரவில்லை.

கார் என்றால், அப்பா ஏலத்தில் எடுத்த பழைய அம்பாசடர். மந்தாரக்குப்பம் கடைத்தெரு நெரிசலில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், ரேடியேட்டர் கொதித்து ஆவி விடும். எஞ்சினோடு பெல்ட்டில் சுற்றுகிற ஃபேன் அதில் இருந்தது. எஞ்சின் மெதுவாக ஓடினால் ஃபேனும் மெதுவாகத்தான் சுற்றும். வண்டி நிற்கும்போதுதான் காற்று அதிகம் வேண்டும். அது அப்போதுதான் கொட்டாவி விடும்.

சித்தப்பா நெய்வேலி தெர்மலில், கரண்ட் எடுக்கும் இடத்தில் வேலை பார்த்தார். பெல்ட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, பேட்டரியில் ஓடும் ஃபேனை மாட்டச் சொன்னார். சூடு ஏறினால் தானாகச் சுற்றும், இறங்கினால் தானாக நிற்கும். அப்பாவுக்கு நிலக்கரி மைன்ஸில், கன்வேயர் பெல்ட்டில் வேலை. பெல்ட்டை யாராவது குறை சொன்னால் சொந்தக்காரரைச் சொன்ன மாதிரி அவர் முகம் மாறிவிடும். பெல்ட் அறுந்தால் கண்ணுக்குத் தெரியும், கரண்ட் நின்றுபோனால் அதை எங்கே போய்த் தேடுவது என்பது அவர் கட்சி. ஹெட்லைட் போட்டாலே அந்த வண்டியின் டைனமோ திணறுகிறது, இதில் ஃபேன் வேறா என்றும் கேட்டார்.

"நெய்வேலில குந்திகினு கரண்டுக்குப் பஞ்சம்ன்றியே அண்ணே" என்றார் சித்தப்பா.

எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக் இரண்டாகப் பிரிந்தது. மைன்ஸ்காரர்கள் பெல்ட்டுக்கு, தெர்மல்காரர்கள் கரண்ட்டுக்கு. ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் சைக்கிளை நிறுத்திக் கருத்துச் சொல்லிவிட்டுத்தான் சாப்பிடப் போனார்கள். கடைசியில் அப்பா ஷிப்ட்டுக்குப் போயிருந்த ஒரு நாளில் சித்தப்பா கரண்ட் ஃபேனை மாட்டியே விட்டார். அப்பா வந்து பார்த்தார். இது என்றைக்காவது நடுரோட்டில் நிற்கும் என்று மட்டும் சொன்னார். அதன்பிறகு தம்பியோடும் பேசவில்லை, காரையும் தொடவில்லை.

அந்த வாரமே ஒரு மத்தியானம், சட்டையெல்லாம் நனைந்துபோய் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பார்த்த டாக்டர் உடனே பாண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். கைக்குக் கிடைத்தது எங்கள் கார்தான். சித்தப்பா ஓட்ட, அப்பா முன்சீட்டில் சாய்ந்திருந்தார். அம்மா பின்னாலிருந்து கையை நீட்டி அவர் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே வந்தார். வாயுப் பிடிப்பு என்று என்னிடம் சொல்லியிருந்ததால் அப்பாவைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. என் பயமெல்லாம் காரைப் பற்றித்தான். தண்ணீர் கொதித்தால் எஞ்சின் வெடிக்கும், நாங்கள் எல்லோரும் சாம்பல் என்று கணக்குப் போட்டு, சூடு காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெரிந்த சாமிகளையெல்லாம் அந்த முள்ளைப் பிடித்து இழுக்கச் சொல்லி வேண்டினேன்.

பண்ருட்டியில் கேட் மூடியிருந்தது. முன்னால் பலாப்பழ லாரி, பின்னால் பஸ்.

"நிக்கும் பாரு" என்றார் அப்பா, மூச்சு வாங்கியபடி.

சித்தப்பா எஞ்சினை அணைத்தார். சற்று நேரம் எந்தச் சத்தமும் இல்லை. பிறகு, யாருமே தொடாமல், பானட்டுக்குள் விர்ரென்று ஒரு இரைச்சல். ஃபேன் தானாகச் சுற்றும் என்று பிளாக்குக்கே தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்து என்ன? கதவைத் திறந்துகொண்டு ஓடி, சாலையோரப் பலாப்பழக் குவியலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"இன்னாடா ஆச்சி?" என்றார் பழம் விற்ற அக்கா.

"கார் வெடிக்கப் போவுதுக்கா."

"அப்ப உங்கம்மா ஏன்டா உள்ளயே குந்திகினு இருக்குது?"

எட்டிப் பார்த்தேன். சித்தப்பா எதிர்ச்சாரிக்கு ஓடி, வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். வந்தவர் முன்ஜன்னலில் குனிந்து, அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிவிட்டுப் போனார். பானட்டைத் திறக்காமல் போகிறாரே, இவரெல்லாம் என்ன மெக்கானிக் என்று நினைத்துக்கொண்டேன்.

சித்தப்பா வந்து என்னை அழைத்துப் போனார். முதுகில் ஒன்று விழும் என்று தயாராக இருந்தேன். விழவில்லை. இரைச்சல் நின்றிருந்தது. முள்ளும் இறங்கியிருந்தது. அம்மா தேய்ப்பதை நிறுத்திவிட்டு, அப்பா சரியாமல் இருக்கும்படி இரண்டு கைகளாலும் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருந்தார்.

சித்தப்பா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி சொன்னார்: "நீ சொன்னதுதான் சரி அண்ணே. பெல்ட்டே மாட்டிடலாம்."

எனக்குத் தாங்கவில்லை. ஜெயித்த மனுஷன் இப்படியா விட்டுக்கொடுப்பது?

"ஃபேன் நல்லாத்தானே ஓடுச்சி சித்தப்பா?"

கேட் திறந்ததும் மற்ற வண்டிகள் முன்னால் போயின. எங்கள் கார் மட்டும் நெய்வேலிப் பக்கம் திரும்பியது. கையோடு ஃபேனை மாற்றப் போகிறார்கள் என்று புரிந்துகொண்டு, நான் எக்கி அப்பாவின் காதருகே, "நீதாம்ப்பா ஜெயிச்ச" என்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஜெயித்த கர்வம் என்று நினைத்தேன்.

கார் அன்று கொதிக்கவே இல்லை. கேட் மூடியிருந்தபோதே அப்பா இறந்துவிட்டார்.