மூன்று தண்ணீரில் கழுவிய மிளகு

மிளகு எந்த மண்ணில் விளைந்தது என்று கண்டுபிடிப்பதுதான் பிறை நகரில் உள்ள ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. மிளகில் உள்ள தாதுக்களை அளந்து, எங்கள் அலமாரியில் இருக்கும், சரவாக் மாநிலத்தில் விளைந்த அசல் மிளகோடு ஒப்பிடுவேன். ஒத்துப்போனால் சான்றிதழ். இயந்திரம் சொன்னபடி கேட்கும். மனிதர்கள்தான் கேட்பதில்லை.

டத்தோ கிராமாட் பகுதியில் மசாலைக் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா, முதல்முறையாக வெளிநாட்டுக்குச் சரவாக் மிளகு அனுப்பவிருந்தார். சான்றிதழ் இல்லாமல் வாங்குகிறவர் சரக்கைத் தொடமாட்டார். அக்கா கொடுத்தனுப்பிய மாதிரியில் தூசி தும்பு இல்லை. விசாரித்தால், கழுவி இரண்டு நாள் வெயிலில் காயவைத்தாராம்.

"சாக்குல இருக்கற மாதிரியே வேணும்க்கா. கழுவினா மண்ணோட அடையாளம் போயிடும்."

"ஆபீஸுக்குக் குடுக்கறத அழுக்கோடயா குடுக்கறது தம்பி? மரியாதையா இருக்குமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதைச் சோதிக்காமல் ஒதுக்கிவிட்டு, நானே கடைக்குப் போய்ச் சாக்கைப் பிரித்து அள்ளிவந்தேன். முடிவு வந்தது. சரவாக் மிளகு இல்லை. ஃபோனில் சொன்னேன்.

"உங்கள யாரோ நல்லா ஏமாத்திட்டாங்கக்கா."

"யாரு ஏமாத்தறது? தோட்டத்துலருந்து நேரா வாங்கினது. நாலு வருசத்துக்கு முன்ன நீங்க வந்து ஒரு கிலோ கேட்டீங்களே, அதே தோட்டம்தான் லா."

அலமாரியைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே இருக்கும் அசல் மிளகு அந்த ஒரு கிலோதான். சரவாக்குக்குப் போய்த் தோட்டத்தில் பறித்துவரச் சோம்பல்பட்டு, அக்காவிடம் வாங்கி வந்தவன் நான்.

"அக்கா, அதையும் கழுவினீங்களா?"

"பின்ன? மூணு தண்ணி."

ஒதுக்கிவைத்த மாதிரியை எடுத்துச் சோதித்தேன். அச்சு அசலாக ஒத்துப்போனது. இரண்டுமே மண்ணின் அடையாளம் போகக் கழுவியவை; அந்த முடிவை நம்பிச் சான்றிதழ் கொடுக்கவும் முடியாது. நான் சரவாக்குக்குப் போய்ப் புது மிளகு பறித்துவரும்வரை அவர் சரக்கு காத்திருக்க வேண்டும். அக்கா என்னைத் திட்டக்கூட இல்லை, அதுவே எரிச்சலாக இருந்தது.

பழைய கோப்புகளை எடுத்து மேசையில் அடுக்கினேன். 'சரவாக் மிளகு அல்ல' என்று கையெழுத்துப் போட்டு நான் திருப்பி அனுப்பியவர்கள் எல்லோரும், என் பேச்சைக் கேட்டுக் கழுவாமல் கொடுத்தவர்கள்.