கதவிலிருந்து தொடங்கியவர்

என் வீட்டுக்காரர் ஜெயராஜ் ஒரு வேலையில் இறங்கிவிட்டால் யார் பேச்சும் காதில் ஏறாது. மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், ஜுருவில் கார் பட்டறை மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருடம் வந்த பக்கவாதத்தில் இடது கையும் காலும் தளர்ந்துவிட்டன. பிடிவாதத்துக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

எங்கள் மகன் நாதன் சிம்பாங் அம்பாட்டில் வீடு வாங்கியிருக்கிறான். "ஏழாவது மாடியில நீங்க ரெண்டு பேரும் தனியா இருக்க வேணாம்மா. கிறிஸ்மஸ் முடிஞ்சதும் இங்க வந்துடுங்க" என்று விடாமல் நச்சரித்துக்கொண்டிருந்தான். அவன் காட்டிய பெரிய காரணம் எங்கள் கூடத்துத் தரை. சுருண்டு கிடந்த விரிப்பின் ஓரத்தில் அப்பாவின் கால் தடுக்கியதை அவன் பார்த்துவிட்டான்.

"தரைதானே பிரச்சினை? டைல்ஸ் போட்டுடறேன்" என்றார் இவர். ஆள் வைத்துச் செய்யலாம் என்றதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்த வீட்டை விட்டுப் போக அவருக்கு மனசே இல்லை. எனக்கோ பயம். சட்டைப் பொத்தானிலிருந்து மாத்திரை வரை எல்லாவற்றுக்கும் நான்தான். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்த மனிதர் ஒரு வேளைச் சோற்றுக்கு என்ன செய்வார்? நாதனிடம் சரி என்று சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

முதலில் பழைய விரிப்பை எடுக்க வேண்டியிருந்தது. தீக்கார் கெத்தா என்று இங்கே எல்லாரும் சொல்லும் ரப்பர் விரிப்பு. கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் புதிது வாங்கிப் பழையதன் மேலேயே விரித்துவிடுவது எங்கள் வழக்கம். ஒன்றை உரித்தால் அடியில் இன்னொன்று. பச்சைக் கட்டம் போட்டது நாதன் தவழ்ந்த வருடம். ரோஜாப்பூ போட்டதில், நான் இஸ்திரிப் பெட்டியை வைத்துச் சுட்ட தடம் அப்படியே இருந்தது. என் அம்மா பார்த்தால் என்னைத் திட்டுவார் என்று அதன்மேல் நாற்காலியைப் போட்டு மறைத்தவர் இவர்தான்.

கடைசியாகச் சிமெண்டோடு ஒட்டிக் கிடந்தது நீலம். கல்யாணமான வருடம் வாங்கியது. பினாங்கு ரோட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தோம். எங்கள் இருவருக்கும் நடுவில் சுருளை நிறுத்தி, நான் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். "புருஷன விட்டுட்டுத் தீக்காரக் கட்டிப் பிடிக்கிற" என்று வழி நெடுகப் புலம்பினார். வீட்டுக்கு வந்ததும் கதவருகே முட்டி போட்டு, உள்ளே பார்த்து உருட்டிக்கொண்டே போனார். வாசலில் வந்து நிற்கிறவர்களுக்கு நல்ல ஓரம்தான் தெரிய வேண்டுமாம். வருடா வருடம் அப்படித்தான் விரிப்பார். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு இனிக்கிறது. திரும்பக் கிடைக்காதே என்று அழுகையும் வருகிறது.

டைல்களை அளவு சொல்லிக் கடையிலேயே வெட்டி வாங்கியாகிவிட்டது. ஒட்டுவதுதான் பாக்கி. சனிக்கிழமை காலை, சர்ச்சில் அலங்கார வேலைக்கு நான் கிளம்பியபோது, "சாயங்காலமா வா. நீ இருந்தா பேசிக்கிட்டே இருப்ப லா" என்று அனுப்பிவைத்தார்.

திரும்பி வந்து கதவைத் திறந்தேன். கூடம் முழுக்க வெள்ளை டைல். அந்தக் கோடியில், சமையலறை வாசலில், மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார்.

"நல்லா இருக்கா, பிரிஸில்?"

"நல்லாத்தான் இருக்கு. நீங்க எப்படி வெளிய வருவீங்க?"

தரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தீக்கார் விரித்த பழக்கத்தில் மனிதர் கதவிலிருந்தே தொடங்கி உள்ளே போயிருக்கிறார். ஒட்டிய பசை காய, நாளை மதியம் வரை டைலை மிதிக்கக் கூடாது. அடுப்பும் குளியலறையும் படுக்கையும் அவர் பக்கம். என் பக்கம் வெளியே மாடி நடைபாதையும் பக்கத்து வீட்டு நூருலும்தான்.

"மாத்திரை?"

"இங்கதான் இருக்கு. போட்டுக்குவேன்."

"சாப்பாடு?"

"எனக்குத் தெரியாதா?"

தெரியாது. இத்தனை வருடத்தில் வெந்நீர்கூட வைத்ததில்லை. ஆனால் அரிசியைக் களைந்து குக்கரில் போட்டார். சார்டின் டின்னை இடது கையால் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, வலது கையால் மூடியை இழுத்துத் திறந்தார். வெங்காயம் பிடி நழுவி உருண்டது. குனிந்து எடுத்து, மணிக்கட்டால் அழுத்திப் பிடித்து நறுக்கினார். நான் என்னை அறியாமல் உள்ளே வைக்கக் காலைத் தூக்கிவிட்டேன். நூருல் என் தோளைப் பிடித்தாள். "பியார் லா, காக்" என்றாள். விட்டுடு அக்கா என்கிறாள்.

விட்டேன். "மிளகாயக் கொஞ்சமா போடுங்க" என்று மட்டும் சொன்னேன். கேட்கவில்லை. முக்காலியில் என்னைப் பார்த்து உட்கார்ந்து, காரத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒரு தட்டுச் சோற்றையும் முடித்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

நாதனுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். பதறிவிட்டான்.

"அப்பா உள்ள தனியாவா இருக்காரு? நான் இப்பவே வரேம்மா."

"வேணாம்யா. அவரு சாப்பிட்டாரு."

"யாரு சமைச்சா?"

"அப்பாதான்."

"அப்பாவா?" என்றான்.

"நாதன், நாங்க அங்க வரல. இங்கயே இருக்கோம்" என்றேன்.

சமையலறையில் தட்டுக் கழுவும் சத்தம் நின்றது. ஈரக் கையோடு வாசலுக்கு வந்தவர், "இன்னொரு தடவ சொல்லு" என்றார்.

போனை வைத்துவிட்டு, அவருக்காகச் சொன்னேன்.