‘நீ’க்குப் பிறகு வந்த எழுத்து

நகராட்சி நீதிமன்றத்தில் அவளுக்கு வைத்த பெயர் தந்தி. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் பத்திரமாக இருந்தது. அவள் தட்டச்சில் விரல் வைத்தால் எதிர் மேஜைக் காகிதங்கள் எழுந்து பறக்கும், மேலே சுற்றும் மின்விசிறி வெட்கப்பட்டு நின்றுவிடும் என்பார்கள். மின்விசிறி நின்றதில் மின்தடைக்கும் பங்கு உண்டு என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

வேகம் விரலோடு நின்றிருந்தால் வம்பில்லை. காதிலும் இருந்தது. எதிரில் இருப்பவர் வாக்கியத்தின் தலையைக் காட்டினால் போதும், வாலைப் பிடித்து இவளே வெளியே இழுத்துவிடுவாள். மகள் “அம்மா, எனக்கு...” என்பதற்குள் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் பார்ப்பாள், அந்தப் பெண் கேட்க வந்தது பென்சிலாக இருக்கும். கணவர் ஆற அமரப் பேசுகிறவர். பெண் பார்க்கும் முன்பே ஒருநாள் பேருந்து நிறுத்தத்தில் இவளிடம், “உங்களைக் கல்யாண...” என்று தொடங்கினார். இவள் “எங்க வீட்டுல வந்து கேளுங்க” என்று முடித்துவிட்டாள். ‘உங்களைக் கல்யாண மண்டபத்துல பார்த்த மாதிரி இருக்கே’ என்றுதான் சொல்ல வந்ததாக அவர் இன்றுவரை சாதிக்கிறார். இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு மேல்முறையீடு ஏது?

கொலை, கொள்ளை எல்லாம் பெரிய நீதிமன்றத்துக்குப் போய்விடும். இங்கே வருவது அடைத்த சாக்கடை, உரிமம் இல்லாத கடை, பக்கத்து வீட்டுச் சுவர் நம் வீட்டுப் பக்கம் சாய்ந்த கதை. நீதிபதியின் மேடை உயரம். அதன் அடியிலே ஒட்டினாற்போலத் தந்தியின் மேஜை. அங்கிருந்து அண்ணாந்தால் நீதிபதியின் தாடை மட்டும் தெரியும். பல வருடமாக அந்தத் தாடை அசைவதைப் பார்த்தே உத்தரவுகளை அடித்து வந்தாள். நீதிபதிக்கும் அது வசதி. அவர் கையெழுத்தை மருந்துக் கடைக்காரர்கூடப் படிக்கத் திணறுவார். ஆகையால் வாயால் சொல்வதோடு சரி.

அன்று அந்தத் தாடை ஒரு பக்கம் பூசணிபோல வீங்கியிருந்தது. கடைவாய்ப் பல்.

கடைத்தெருவில் கால்வாயை அகலப்படுத்த, அதை ஒட்டிய கடைகளை இடிக்க வேண்டும் என்பது நகராட்சியின் வழக்கு. விசாரணை முடியும்வரை இடிக்கக்கூடாது என்று நீதிமன்றம் முன்பே தடை போட்டிருந்தது. அன்று ஒவ்வொரு கடையாக எடுத்தார்கள். மற்றக் கடைக்காரர்கள் எல்லாம் வேறு இடம் பார்த்துக் காலி செய்துவிட்டு, முடித்துக்கொள்ளச் சம்மதித்து வந்தவர்கள். “தடை நீக்கப்படுகிறது” என்றார் நீதிபதி. அடுத்தது. “தடை நீக்கப்படுகிறது.” அடுத்தது. வாய் திறக்கத் திறக்க வலி கூடியது. சொற்கள் குறைந்துகொண்டே வந்தன. கடைசியாகச் சலூன்காரரின் முறை. அவர் ஒருவர்தான் காலி செய்யாதவர். நீதிபதி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, “தடை நீ...” என்றார். தந்தியின் விரல்கள் அதற்குள் வரியை முடித்து, தாளையும் உருவிவிட்டன. நீதிபதி படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டுப் பல் மருத்துவரிடம் ஓடினார். நகராட்சி ஆய்வாளர் எல்லா உத்தரவுகளையும் சூடு ஆறுவதற்குள் வாங்கிக்கொண்டு போனார்.

மதியம், சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கும்போது டவாலி வந்து நின்றார். வாசலில் நின்று வழக்காளிகளைக் கூப்பிடுகிறவர். அவர் ஒரு பெயரைக் கூப்பிட்டால் அடுத்த ஊரில் அதே பெயர்க்காரர்கள் எழுந்து நிற்பார்கள்.

“அக்கா, சலூன்காரர் மிட்டாய் கொடுத்துட்டுப் போனாரு. உங்க பங்கையும் நானே தின்னுட்டேன், கோச்சுக்காதீங்க.”

“மிட்டாய் எதுக்கு?”

“கடை பிழைச்சுதாம். ஐயா தடையை நீட்டி...”

“நீக்கி” என்றாள் தந்தி.

“நான் இன்னும் முடிக்கலைக்கா. நீட்டிச்சுட்டாருன்னுதான் அவர் சொன்னாரு.”

தந்தி சோற்றில் வைத்த கையை எடுத்தாள். “நீங்க உங்க காதால கேட்டீங்களா?”

“நான் வாசல்ல இருந்தேன்.”

“அப்ப அது அவரோட ஆசை. ஆசைப்பட்ட காதுக்கு அப்படித்தான் கேக்கும்.”

“சரி, உங்க காதுக்கு எப்படிக் கேட்டுச்சு?”

அவள் யோசித்தாள். தடை என்றது கேட்டது. ‘நீ’ என்றது கேட்டது. அதற்குப் பிறகு கேட்டதெல்லாம் தன் விரல்கள் அடித்த சத்தம்தான். நீக்கினால் கடை மண். நீட்டித்தால் கடை நிற்கும். நடுவில் இருப்பது ஒரு க்க, ஒரு ட்ட. அவள் பாத்திரத்தை மூடினாள்.

ஆய்வாளருக்குப் போன் போட்டாள்.

“அம்மா, உத்தரவுல கையெழுத்து இருக்கா? இருக்கு. முத்திரை இருக்கா? அதுவும் இருக்கு. பொக்லைன் வந்தாச்சு. பசங்க சாப்பிட்டதும் சலூன்லேருந்து ஆரம்பிக்கறோம்.”

“கொஞ்சம் பொறுங்க சார். ஒரு வார்த்தையில சந்தேகம்.”

“வார்த்தையை வச்சு நான் என்ன பண்ண? வேற தாள் இருந்தா கொண்டு வாங்க, நிறுத்தறேன். இல்லேன்னா ஆளை விடுங்க.”

நீதிபதியின் போன் அணைந்திருந்தது. டவாலி குரலைத் தாழ்த்தினார். அவர் தாழ்த்தினால் அடுத்த அறைக்கு மட்டும் கேட்கும். “அக்கா, கையெழுத்துப் போட்டது ஐயா. நமக்கென்ன வந்துச்சு? வாயை மூடிட்டு இருந்தா ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது. போய்க் கேட்டீங்கன்னா, வேலைக்கே உலை.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. அவள் சம்பளத்தில்தான் வீட்டு வாடகை, மகளின் படிப்பு எல்லாம். வாயை மூடிக்கொள்வதில் அவளுக்குப் பழக்கமில்லை என்பதும் உண்மை. முத்திரையையும் வெற்றுத் தாளையும் கைப்பையில் போட்டாள்.

“அண்ணே, நீங்க கடைக்குப் போங்க. எப்படியாவது நிறுத்தி வைங்க.”

“பொக்லைனையா? நான் என்ன மலையா?”

“தொண்டை இருக்கே, போங்க!”

பல் மருத்துவமனையின் முன்னறையில் ஒரு பெண் வழி மறித்தாள். “டோக்கன் இருக்கா?”

“எனக்குப் பல் வலி இல்லம்மா.”

“பல் வலி இல்லாதவங்களுக்கு இங்க என்ன வேலை?”

“உள்ள இருக்கறவரோட பல் வலியாலதான் வெளிய ஒரு கடை போகப்போகுது” என்று சொல்லிக்கொண்டே தந்தி கதவைத் தள்ளினாள்.

நீதிபதி சாய்நாற்காலியில் மல்லாந்து கிடந்தார். மேடைக்குக் கீழிருந்தே பார்த்த தாடையை முதல் முறையாக மேலிருந்து பார்த்தாள். வாயில் பஞ்சு. மருத்துவர் மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுக் கைகட்டி நின்றார்.

“ஐயா, மன்னிக்கணும். சலூன்காரர் வழக்கு. தடை நீக்கமா?”

நீதிபதி தலையாட்டினார். தந்திக்கு உயிர் வந்தது. தப்புப் பண்ணவில்லை! அந்த நிம்மதியின் மறுபக்கத்தில் மிட்டாய் கொடுத்த ஒரு மனிதர் நின்றார். ஏதோ உறுத்த, மறுபடி கேட்டாள்: “இல்ல, நீட்டிப்பா ஐயா?”

அதற்கும் அதே தலையாட்டல்.

“ஊசி போட்டதுலேருந்து இப்படித்தான்” என்றார் மருத்துவர். “வலிக்குதான்னு கேட்டாலும் ஆட்டறாரு, வலிக்கலையான்னு கேட்டாலும் ஆட்டறாரு. சொத்தை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்களேன், அதுக்கும் ஆட்டுவாரு.”

தந்தி பேனாவைக் கொடுத்தாள். நீதிபதி கோபமாக எழுதினார். ஒரு ‘நீ’, அதன்பின் மழைக்கு வெளியே வந்த மண்புழு ஒன்று தாளின் விளிம்புவரை ஊர்ந்து போயிருந்தது. தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். புழு திரும்பிப் படுத்ததே தவிர, எழுத்தாகவில்லை.

அப்போது கைப்பையில் போன் அலறியது. பொத்தானை அழுத்தினாள், காதில் வைக்க அவசியமிருக்கவில்லை.

“அக்கா! முன்னாடி தகரக் கூரையைப் பிச்சுட்டாங்க! உள்ள ஒரு போலீஸ்காரர் பாதி மீசை எடுத்தும் எடுக்காமலும் உக்காந்திருக்காரு, எந்திரிக்க மாட்டேங்கறாரு. அவரு எந்திரிக்கறவரைக்கும்தான் கடை!”

நீதிபதி அதைக் கேட்டார். கண்கள் விரிந்தன. பஞ்சைத் துப்பிவிட்டு எழுந்து உட்கார்ந்தார். வாயைத் திறந்தார்.

“த...ழை... நீ...”

தந்தி முன்னால் குனிந்தாள். அவள் நாக்கு நுனிக்கு இரண்டு சொற்களும் வந்து முட்டி மோதின. ஒன்று அவள் வேலையைக் காப்பாற்றும். ஒன்று கடையைக் காப்பாற்றும். இதில் எதைச் சொன்னாலும் மனிதர் தலையாட்டிவிடுவார். கீழுதட்டைப் பல்லால் கவ்விக்கொண்டாள். கடித்த கடியில் மருத்துவரே ஒரு நோயாளி கூடினாள் என்று நினைத்திருப்பார்.

“நீ...ஹ்...”

மடங்க மறுத்த நாக்கில் ட்டவும் இல்லை, க்கவும் இல்லை. காற்றுதான் வந்தது. நீதிபதி கையை நீளமாக நீட்டிக் காட்டினார். நீட்டு என்கிறாரா, வாசலைக் காட்டி வெளியே போ என்கிறாரா? நீண்ட கை இடுக்கித் தட்டைத் தட்டிவிட்டதுதான் மிச்சம். தந்தி பேசவில்லை. அவர் கண்ணை மூடி, மூச்சை இழுத்து, மறுபடி முயன்றார். அதுவும் காற்று. தெருவில் ஏதோ வண்டி உறுமிக்கொண்டு போனது. அவளுக்கு அது சுவர் விழும் சத்தமாகக் கேட்டது. அப்போதும் பேசவில்லை. வாழ்நாளில் அவள் அடக்கிய முதல் வால் அதுதான்.

நீதிபதி தாளை ஒரு தட்டுத் தட்டினார். இரண்டு விரல்களை உயர்த்தினார். பிறகு, மிகுந்த பாடுபட்டு, “வா...ம்” என்றார். விரல்களை அவள் மூக்குக்கு நேரே ஆட்டினார். “வா...ழம்!”

இரண்டு வாரம்.

தடையை நீக்குகிறவர் நாள் குறிக்கமாட்டார். நீக்கினால் நீக்கியதுதான், அதற்கு விரல் எதற்கு? எதுவரை என்று கேட்பது நீட்டிப்பு ஒன்றுதான். அவள் கண்ணில் நீர் கட்டியது. கடைக்காகவா தனக்காகவா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. கையாலேயே உத்தரவை எழுதினாள்: காலையில் வழங்கிய உத்தரவு ரத்து, தடை இரண்டு வாரங்களுக்கு நீட்டிக்கப்படுகிறது. உரக்கப் படித்துக் காட்டினாள். நீதிபதி தலையாட்டவில்லை. தாளை வாங்கி மூக்கருகே பிடித்து, ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தார். கையெழுத்துப் போட்டார். அந்தப் புழு ஊரறிந்த புழு.

முத்திரை குத்தியதும் அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். காலையில் என்ன போனது என்று அந்தப் பார்வை கேட்டது.

“நான்தான் ஐயா. நீங்க சொல்லி முடிக்கறதுக்குள்ள நான் முடிச்சுட்டேன். நாளைக்கு எழுத்துல விளக்கம் தர்றேன்.”

அவர் கையை நீட்டினார். இந்த முறை சந்தேகமே இல்லை, வாசலைத்தான் காட்டினார்.

கடைத்தெருவில் கூட்டம். தகரக் கூரை சப்பாத்தி மாவாக மடங்கித் தரையில் கிடந்தது. பொக்லைனின் கை கடையின் நெற்றிக்கு நேரே நின்றது. ஓட்டுநர் தன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே சோப்பு நுரை காய்ந்த முகத்தோடு போலீஸ்காரர் நாற்காலியின் இரு கைகளையும் இறுகப் பிடித்திருந்தார்.

“பாதி மீசையோட நான் எப்படிய்யா வெளிய வர்றது? நாளைக்கு எவன் எனக்குப் பயப்படுவான்?”

“சார், உங்க மீசைக்காக நகராட்சி நிக்குமா?” என்றார் ஆய்வாளர்.

“நிறுத்துங்க!” இது டவாலி. தெருக்கோடியில் தந்தியைப் பார்த்துவிட்டார். அந்தச் சத்தத்துக்குப் பொக்லைனின் எஞ்சின் தானாக அணைந்ததாகத் தெருவில் இன்றும் பேச்சு. ஓட்டுநர் அணைத்தார் என்பது அவ்வளவு சுவாரசியமாக இல்லை.

ஆய்வாளர் தாளை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். “காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. உங்க கோர்ட்டுல சாயங்காலம் வேற ஏதாவது வருமா?” என்றார். ஆனாலும் கையை அசைத்தார். பொக்லைன் பின்வாங்கியது.

சலூன்காரர் வாசலில் நின்றார். கத்தியை மடித்துக் கையிலேயே வைத்திருந்தார். தந்தி அவர் எதிரே போனாள்.

“காலையில உத்தரவை அடிச்சது நான். நீங்க காதால கேட்டதுதான் சரி. நான் அடிச்சது தப்பு.”

அவர் தகரத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

“காலையில பொண்டாட்டிகிட்ட கடை இருக்குன்னேன். கோயில் யானை மாதிரி ஆடிட்டே சமைச்சிருப்பா. இப்ப சித்த முன்னாடி, டவாலி சொன்னதை வச்சு, ஒரு கிளார்க் அடிச்ச தப்புல கடை போச்சுன்னேன். மறுபடி இருக்குன்னு சொன்னா, எனக்குத்தான் மூளை கலங்கிடுச்சும்பா. நான் சொல்லமாட்டேன். நீங்களே சொல்லுங்க.”

எண்ணைப் போட்டுப் போனை அவள் கையில் திணித்தார்.

மறுமுனையில் எடுத்ததும் ஒரு பெண்குரல் வெள்ளமாக வந்தது. அழுகை, வசவு, நகராட்சிக்கு ஒன்று, கோர்ட்டுக்கு ஒன்று, கணவருக்கு இரண்டு. தந்தி குறுக்கே போகவில்லை. வசவு அவளையும் தொட்டது: “எவளோ ஒரு கிளார்க்காம், அவ கை விளங்காமப் போக!” அதையும் வாங்கிக்கொண்டாள்.

கடைசியில் அந்தப் பெண் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள். “நீங்க யாருங்க? கடை இருக்கா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.”

“இருக்கு” என்றாள் தந்தி. “அந்தக் கிளார்க் நான்தான்.”

தந்தி போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றாள். மறுமுனையிலிருந்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

“யாராவது என் மீதி மீசையைப் பாருங்கப்பா” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“பொறுங்க சார்” என்றார் சலூன்காரர். “கை நிக்கட்டும்.”