தூணுக்கு அப்பால் பத்து நிமிடம்

இந்தச் செப்டம்பர் வரை நான் ஒரு மலைகூட ஏறியதில்லை. ஆனால் ஸ்காட்லாந்தில் எந்த மலையடிவாரத்தில் கார் நிறுத்த இடம் உண்டு, எங்கே கழிப்பறை உண்டு, எங்கே கடிப்பூச்சி ஆளையே தின்றுவிடும் என்று என்னைத்தான் கேட்க வேண்டும். இருபத்தெட்டு வருடமாக டொலீனா மேலே போவாள். நான் காரில் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டு, பிளாஸ்க்கில் டீயோடு காத்திருப்பேன். ஆகவே இந்த விஷயத்தில் கோபப்பட எனக்கு முழு உரிமை உண்டு. யாரும் என்னைச் சமாதானப்படுத்த வர வேண்டாம்.

டொலீனாவும் நானும் கின்லாக்லெவன் பள்ளிச் சமையலறையில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். அவளுக்கு முப்பத்தெட்டு வயதாகும்போது, மலையேற்றச் சங்கத்தில் சேரப் போகிறேன் என்று வீட்டில் சொன்னாள். அவள் புருஷன் மர்டோ தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"உனக்கு மலையா? மாடிப்படி ஏறவே நடுவுல நின்னு மூச்சு வாங்குற."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சமையலறை ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டே முதல் மலையை ஏறி இறங்கினாள். இரண்டு கால் நகமும் கறுத்துப் போயிருந்தன. "எஃபி, அந்த ஆளு வாயை அடைக்காம விடமாட்டேன்டி" என்றாள். மர்டோ பிறகு வேறொருத்தியோடு அபர்டீனுக்குப் போய்விட்டான். தொல்லை விட்டது. அதற்குள் டொலீனா தொண்ணூறு மலை முடித்திருந்தாள். மர்டோவை மறந்தும் போயிருந்தாள்.

மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட மலைகள் எங்கள் நாட்டில் இருநூற்று எண்பத்திரண்டு. மன்றோ என்போம். அத்தனையும் ஏறி முடித்து எழுதிப் போட்டால் பட்டியலில் ஒரு எண் கொடுப்பார்கள். பதக்கம் கிடையாது, ஒரு காசு கிடையாது. அந்த எண்ணுக்காகத்தான் அவள் ஊறிய காலணியும் சப்பிப்போன சாண்ட்விச்சுமாக வாரக் கடைசிகளையெல்லாம் செலவழித்தாள். ஒவ்வொரு மலைக்கும் தேதியும் ஒரு வரியும் ஒரு பச்சை நோட்டில் எழுதி வைப்பாள்.

இந்த வருடம் அவளுக்கு அறுபத்தாறு. இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது. செப்டம்பர் பதினான்காம் தேதி அறுவை சிகிச்சை. "அதுக்கப்புறம் தோட்டத்துல நடங்க, மலைப் பக்கம் போகாதீங்க" என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மிச்சம் ஒரே ஒரு மலை. எல்லோரும் செய்வதுபோல, கடைசிக்கென்று சுலபமானதாக ஒன்றை ஒதுக்கி வைத்திருந்தாள், கூட்டமாக வரலாம் என்று. ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை முப்பது பேர் அவளோடு ஏறினார்கள். மேலே விஸ்கி குடித்தார்கள், இறங்கினார்கள். ஊர்க் கூடத்தில் நான் கேக் வைத்துக் காத்திருந்தேன். மேலே சர்க்கரையில் 282 என்று நானே எழுதியிருந்தேன்.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம். முடித்தவரின் நோட்டைச் செயலாளர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கேக் வெட்டுவது. செயலாளர் ரானல்ட், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார்.

"பென் கீராக். தொண்ணூற்றெட்டு செப்டம்பர். 'மூடுபனி. அளவைத் தூணைத் தொட்டேன்'னு எழுதியிருக்க."

"ஆமா வாத்தியாரே. நீங்கதானே கூட்டிட்டுப் போனீங்க."

"நில அளவைக்காரங்க நட்டு வச்ச தூண் அது, உச்சி இல்லையே டொலீனா. தூணைத் தாண்டி, ஒரு பள்ளம் இறங்கி ஏறினா ஒரு கல் குவியல் இருக்கும். அது நாலு மீட்டர் உசரம் அதிகம். பத்து நிமிஷம் நடக்கணும்."

டொலீனா கையில் கேக் கத்தி. "நீங்கதானே தூணைத் தட்டி, 'இதான், தொட்டுட்டு இறங்குங்க, குளிருது'ன்னு சொன்னீங்க?"

"மூடுபனில நானும் தப்புப் பண்ணிட்டேன். ஆனா அவங்கவங்க உச்சிக்கு அவங்கவங்கதான் பொறுப்பு. நான் கையெழுத்துப் போடணும் இல்லையா? பொய்க்குக் கையெழுத்துப் போட முடியாது."

நியாயம் பேசுகிறார்! முடித்த மலையின் பக்கத்தை வழிகாட்டிப் புத்தகத்தில் யார் மறுபடி திறந்து பார்ப்பார்கள்? டொலீனா பார்க்கவில்லை. ஆனால் எனக்கு மண்டைக்குள் ஏதோ இடித்தது. பென் கீராக். மரப்பாலம் பக்கத்தில் கார் நிறுத்தம், கழிப்பறை இல்லை. மறு வருடம் ஜூன் மாதமும் அங்கே உட்கார்ந்திருந்தேன். டொலீனா அன்றைக்கு ஏறப் போன பக்கத்து மலைக்கும் வழி அங்கிருந்துதான். அன்றைக்கு மேலிருந்து தனியாக இறங்கி வந்தது யார்?

"வாத்தியாரே, உங்க நோட்டுல பென் கீராக்குக்கு என்ன தேதி?" என்று கேட்டேன்.

"அது எதுக்கு இப்போ?"

"நான் சொல்றேன். தொண்ணூற்றொன்பது ஜூன். 'என்ன மறுபடியும் இதே மலை?'ன்னு கேட்டேன். போன வருஷம் கையுறை தொலைஞ்சுபோச்சு, தேடப் போனேன்னு சொன்னீங்க. பாவம் மனுஷன்னு என் டீயை ஊத்திக் கொடுத்தேன். பிஸ்கட் வேற கொடுத்தேன்!"

அவர் காது மடல் சிவந்தது. வீட்டுக்குப் போய் வரைபடத்தைப் பார்த்திருக்கிறார். தப்பு தெரிந்திருக்கிறது. சத்தம் போடாமல் தன் கணக்கை மட்டும் நேர் செய்துகொண்டு வந்துவிட்டார். அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடம் அவளோடு ஒரே காரில் போனார், அவள் செய்த சூப்பைக் குடித்தார், ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் 'இன்னும் எத்தனை பாக்கி?' என்று கேட்டார். வாயைத் திறக்கவில்லை. வெட்கம் கெட்ட மனுஷன்.

"சொல்ல கூச்சமா இருந்துச்சு" என்றார். "தள்ளிப் போட்டேன். அப்புறம் ரொம்ப லேட்டாயிடுச்சு."

டொலீனா கத்தவில்லை. கத்தியை வைத்தாள். "இன்னைக்கு முப்பது பேர் முன்னாடி சொல்றதுக்கு மட்டும் கூச்சமா இல்லையா?" என்று கேட்டாள். கேக்கை யாரும் தொடவில்லை. நானே வீட்டுக்குத் தூக்கிப்போய்க் கோழிகளுக்குப் போட்டேன்.

அறுவை சிகிச்சைக்கு ஒரு வாரம் முன்னால் பென் கீராக் அடிவாரத்துக்கு வண்டியை ஓட்டினேன். இந்தத் தடவை நானும் இறங்கினேன். "நீ எங்கடி வர்ற?" என்றாள். "வாயை மூடிட்டு நட" என்றேன். மரப்பாலத்தில் ரானல்ட் நின்றிருந்தார். யார் சொன்னார்களோ. "வழி காட்டுறேன் டொலீனா. அதையாவது செய்ய விடு" என்றார்.

"ஏற்கெனவே காட்டுனது போதாதா?" என்றேன் நான். டொலீனா தன் பையைக் கழற்றி அவரிடம் நீட்டினாள். "தூக்கிட்டு வாங்க."

ஐந்து மணி நேரம் ஏறினோம். இரண்டு ஊன்றுகோல், நான்கு வலி மாத்திரை. இடுப்பு வலிக்கும்போதெல்லாம் அவள் மர்டோவைத் திட்டவில்லை, கடவுளைத் திட்டவில்லை. "பத்து நிமிஷம். பத்து நிமிஷம்தான்டி எஃபி" என்றாள். எனக்கு நெஞ்சு வாய்வழியாக வந்துவிடும்போல் இருந்தது. இந்தப் பைத்தியக்காரத்தனத்தையா இவள் இத்தனை தடவை செய்தாள்!

தூண் வந்தது. மூடுபனியும் வந்தது. ரானல்ட் முன்னால் நடக்கப் போனார். டொலீனா ஊன்றுகோலைக் குறுக்கே நீட்டினாள்.

"நீங்க இங்கேயே நில்லுங்க வாத்தியாரே. பையைக் கொடுங்க."

"பனி அடிக்குது டொலீனா. பாதை தெரியாது."

"இதான் உச்சின்னு சொன்னீங்கல்ல? நில்லுங்க."

பள்ளத்தில் இறங்கி ஏற அவளுக்குப் பத்து நிமிடம் போதவில்லை, இருபத்தைந்து ஆனது. கல் குவியல் என் இடுப்பு உயரம்கூட இல்லை. இதற்காகவா! அவள் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அழுதாள். மகிழ்ச்சியில் அழுதாள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், பக்கத்தில் நின்றவள் நான். "நாப்பது வயசுல ஓடியே வந்திருப்பேன்டி" என்றாள். நோட்டை எடுத்தாள். பழைய வரியை அடிக்கவில்லை. அதன் கீழே புதுத் தேதியை எழுதினாள்.

திரும்பி வந்தபோது ரானல்ட் தூணை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். ஈரத்தில் விறைத்து, கைகளை அக்குளில் திணித்துக்கொண்டு. கையுறை போட்டு வரவில்லை. டொலீனா நோட்டையும் பேனாவையும் நீட்டினாள். அவர் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு நோட்டை வாங்கிப் பைக்குள் வைத்தாள்.

"மேல நல்லாத் தேடிப் பாத்தேன் வாத்தியாரே" என்றாள். "உங்க கையுறை அங்க இல்ல."